ஓர் இசைத்தட்டின் கடன்கள்

கலைஞன் ஒருவனை உயர்த்திப் பேசவேண்டுமாயின் அவன் எவருக்கும் கடன்படாதவன் என்று நிறுவிவிட்டாற் போதும் என நம்பும் விமர்சகர் கூட்டம் ஒன்று என்றும் இருந்து வருகிறது. இலக்கியத்தில் இக்கூட்டத்தை நாம் நன்கறிவோம். இசையுலகிலும் அதன் ஆட்சி குறைந்ததன்று. 1979ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து இளைஞர் நால்வர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு ஒன்று நெடுங்காலமாக இக்கூட்டத்தின் கையில் அகப்பட்டுத் தவிக்கிறது. குழுவின் பெயர் காங் ஒஃப் ஃபோர். தட்டின் பெயர் ‘என்டர்ரெயின்மென்ற்!’. களிப்பூட்டல் என்பது அதன் பொருள். பெயரின் இறுதியில் நிற்கும் ஆச்சரியக்குறியை ஏளனக்குறியாகவே நாம் கொள்ளவேண்டும்.

1976இல் லண்டனில் வெடித்தெழுந்த பங்க் இசை, இரண்டு மூன்று சுரக்கூட்டுகளை அறிந்த எவனும் மேடையேறலாம் என்று பிரகடனம் செய்தது. அதன் சினத்தைக் கைவிடாமல் அதன் குறுகிய இசையமைப்பை மட்டும் கைவிட்டு முன்சென்ற குழுக்களைப் ‘பின்-பங்க்’ என அழைப்பர். அவ்வரிசையில் முதன்மையாகப் பேசப்படும் தட்டுகளில் இதுவும் ஒன்று. ஜோன் கிங் பாடினார். அண்டி கில் கிற்றார் வாசித்தார். டேவ் அலன் பேஸ் கிற்றாரையும், ஹியூகோ பேர்ன்ஹாம் டிரம்மையும் ஏற்றனர். நால்வரில் அண்டி கில் 2020இலும் டேவ் அலன் 2025இலும் மறைந்துவிட்டனர். இறந்தோரைப் போற்றும் நேரங்களிலேயே புராணங்கள் பெருகும். முன்னோரில்லாத தட்டு, வானத்திலிருந்து விழுந்த தட்டு, நான்கு மேதைகளின் மூளையில் ஒருநாள் உதித்த தட்டு என்னும் புராணமும் அவ்வாறே பெருகியது.

இப்புராணிகர்களுக்கு எதிரே இன்னொரு சாரார் நிற்கின்றனர். இவர்கள் கணக்கப்பிள்ளைகள். இந்தக் கிற்றார் வெட்டு இன்னாரிடமிருந்து வந்தது, அந்தத் தாளம் இன்னாருடையது, இந்த மெலோடிக்கா ஜமெய்க்காவிலிருந்து வந்தது என்று பட்டியல் எழுதி, ஈற்றில் ‘இவர்களுடையது என்று எஞ்சுவது யாது?’ எனக் கேட்டுப் புத்தகத்தை மூடிவிடுவர்.

இவ்விரு சாராரும் பகைவர் போலத் தோன்றினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. கலை தனிச்சொத்து என்னும் எண்ணமே அத்தாய். அச்சொத்தைக் கலைஞன் தானே உண்டாக்கினான் என்பர் முதலாமவர். திருடினான் என்பர் இரண்டாமவர். கலை பல தலைமுறை உழைப்பின் திரட்சி என்பதும், அத்திரட்சியைக் கையேற்பவன் அதைக்கொண்டு என்ன செய்கிறான் என்பதே வினா என்பதும் இருவருக்கும் எட்டுவதில்லை.

இதிற் கொடிய வேடிக்கை ஒன்றுண்டு. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட இத்தட்டில் ‘நொட் கிரேட் மென்’ என்றொரு பாடல் இருக்கிறது. வரலாற்றை ஆக்குவோர் மகாபுருஷர் அல்லர் என்பதே அதன் சாரம். வீட்டு அலுமாரியில் அடுக்கிய வரலாற்று நூல்களில் வலியோர் மட்டுமே வாழ்கின்றனர் என்று அப்பாடல் குற்றஞ்சாட்டுகிறது. ஜேர்மன் கவிஞர் பிரெக்ட் 1935இல், படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவனின் வாயில் வைத்து எழுப்பிய வினாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்தகைய பாடலைப் பாடியவர்களையே இன்று மகாபுருஷராக்கிப் பீடத்திலேற்றித் தூபம் காட்டுகின்றனர். பாடலைக் கேட்டவர்கள் அதன் சொற்களைக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே அவர்கள் பாடிய கொள்கையை அவர்கள் தட்டுக்கே பிரயோகித்துப் பார்ப்போம்.

முதலில் அவர்கள் நின்ற தரை. கிங்கும் கில்லும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர்கள். அக்காலத்தில் பிரித்தானிய மாணவரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றது. வசதி குறைந்தோருக்கு வாழ்க்கைச் செலவுக்கும் கொடை வழங்கியது. பயிற்சி செய்யவும், வாதாடவும், தோல்வியுறவும் இளைஞருக்கு நேரம் கிடைத்தது. அந்நேரம் மக்கள் செலுத்திய வரியிலிருந்து வந்தது. நுண்கலைத் துறையில் அப்போது பேராசிரியராக இருந்தவர் ரி. ஜே. கிளார்க். கூர்பே என்னும் பிரெஞ்சு ஓவியரை 1848ஆம் ஆண்டுப் புரட்சியோடு இணைத்து ஆராய்ந்து 1973இல் நூல் வெளியிட்டவர். ஓவியத்தின் உருவத்திலேயே வர்க்கப் போராட்டத்தின் தடங்களைத் தேடலாம் என்று காட்டியவர். மேதை எனப்படுவது அரசுக் கொடையிலும் நல்லாசிரியரின் வகுப்பிலும் வளர்கிறது என்பதை ஆசிரியர்களாகிய நம்மவர் மறத்தலாகாது.

இனி இசைக்கு வருவோம். முதற்கடன் தேம்ஸ் நதி கடலோடு கலக்குமிடத்திற் கிடக்கும் கன்வி என்னும் தீவுக்குரியது. எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த அத்தாழ்நிலத்திலிருந்து 1970களில் டொக்ரர் ஃபீல்குட் என்ற குழு புறப்பட்டது. அதன் கிற்றார்க்காரர் வில்கோ ஜோன்சன் முன்பு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். வெறும் விரல்களால் நரம்பை அறைந்து, தாளத்தையும் முதன்மை இசையையும் ஒரே கையால் வாசித்தவர். ஒலியை நீளவிடாது வெட்டி வெட்டி நிறுத்துவது அவர் வழக்கம். அண்டி கில்லின் கிற்றாரைக் கேட்கும் எவரும் இந்த வெட்டை அடையாளம் காண்பர். வில்கோவிடம் தாம் பெற்றதை அவரும் மறைத்ததில்லை. வில்கோவோ தம் பங்குக்கு ஜோனி கிட்டின் பைரற்ஸ் குழுவில் வாசித்த மிக் கிறீனைத் தம் ஆசானாகக் கொண்டவர்.

டொக்ரர் ஃபீல்குட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திற் பிறந்து அற்லாண்டா நகரில் வாசித்து வாழ்ந்த வில்லி பெரிமன் என்ற கறுப்பினப் பியானோக் கலைஞர் 1962இல் வெளியிட்ட பாடல் ஒன்றிலிருந்து வந்தது. அப்பாடலை ஜோனி கிட்டின் குழு இங்கிலாந்திற் பாடியது. கன்வித் தீவினர் அதிலிருந்து தம் பெயரை எடுத்தனர். லீட்ஸ் மாணவரின் கிற்றாரிலிருந்து பின்னோக்கி நான்கு அடி வைத்தால் ஜோர்ஜியாவின் செம்மண்ணிற் காலூன்றுகிறோம். எத்தனை பேர் வில்லி பெரிமனின் பெயரை அறிவர்?

இரண்டாங் கடன் ஜமெய்க்காவின் தலைநகரான கிங்ஸ்ரனுக்குரியது. அங்கே வறுமை ஒரு புதுக் கலையை ஈன்றது. ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைஞரை மீண்டும் மீண்டும் அமர்த்தப் பணமில்லாத தயாரிப்பாளர், ஒருமுறை பதிந்த நாடாவையே பலவாறு பயன்படுத்தினர். ஓஸ்போர்ன் றடொக் என்பவர் மின்சாதனங்களைத் திருத்திப் பிழைத்தவர். கிங் ரபி என்ற பெயரில் உலகறிந்தவர். பதிந்த பாடலிலிருந்து குரலை நீக்குவார். டிரம்மை ஒருகணம் வீழ்த்துவார். பேஸ் மட்டும் தனித்து நடக்கவிடுவார். அறுந்த குரலொன்று தூரத்தில் எதிரொலித்து மறையும். இதற்கு டப் என்று பெயர். வீடொன்றின் சுவர்களைக் கழற்றித் தூண்களைக் காட்டுவது போன்றது அது. இசை இயற்கையாக ஊறி வருவதன்று, கட்டப்படுவது என்பதைச் செவிக்கு உணர்த்திய கலை. ஓகஸ்ரஸ் பப்லோ என்பவர் பள்ளிப் பிள்ளைகள் ஊதும் மெலோடிக்காவை எடுத்து அவ்விசையின் துயரக் குரலாக்கினார். அவரும் கிங் ரபியும் சேர்ந்து ஆக்கிய புகழ்பெற்ற தட்டு 1976இல் வெளிவந்தது.

1948இல் வின்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கியோரும், அவர்களைத் தொடர்ந்து பிரித்தானியாவின் பேருந்துகளையும் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் இயக்க வந்தோருமே இவ்விசையை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தனர். லீட்ஸ் நகரின் சப்பல்ரவுண் பகுதியில் அவர்களிற் பலர் வாழ்ந்தனர். 1967 முதல் அந்நகரில் கரிபியன் திருவிழா நடக்கிறது. லீட்ஸ் குழுவின் தட்டில் ‘5.45’ என்ற பாடலில் ஜோன் கிங் மெலோடிக்கா ஊதுகிறார். மாலைச் செய்தியில் ஓடும் குருதியை உணவு உண்டபடி பார்த்திருப்போரைப் பற்றிய பாடல் அது. கிங்ஸ்ரனின் துயரக் குரல் ஆங்கிலேயரின் உணவு மேசைக்கருகே வந்தமர்ந்து ஊதுகிறது என்றே நாம் அதனைக் கேட்கிறோம்.

மூன்றாங் கடன் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஃபங்க் இசைக்குரியது. ஜேம்ஸ் பிரவுன் 1960களில் தம் குழுவின் வாத்தியங்கள் யாவற்றையும் தாளவாத்தியங்களாக்கினார். கிற்றாரும் ஊதுகருவிகளும் பாட்டுக்காரனின் தொண்டையுமே டிரம்மாயின. அக்குழுவில் டிரம் வாசித்தவர்களுள் ஒருவர் கிளைட் ஸ்ரபிள்ஃபீல்ட். அவர் 1969இல் வாசித்த தாளத்துண்டொன்று பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான தட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. பாடலாக்கியோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆகவே அதற்குரிய உரிமைப்பணமும் அவருக்கு வரவில்லை. 2017இல் இறந்தார். கடன் பற்றிய பேச்சு வெறும் விமர்சகர் விளையாட்டன்று என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. பெயர் மறைக்கப்படுமிடத்திற் கூலியும் மறைக்கப்படுகிறது.

கணக்கப்பிள்ளைகள் இவ்விடத்தில் கைதட்டுவர். ‘கண்டீரா, யாவும் இரவல்!’ என்பர். பொறுக்க. இரவலைக் கொண்டு அவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

றொக் இசையின் சிம்மாசனம் கிற்றார்க்காரனின் தனியாவர்த்தனம். ஏனையோர் பின்னே நின்று தாளமிட, ஒருவன் முன்னே வந்து தன் மகிமையை நிகழ்த்துவான். மகாபுருஷக் கொள்கையின் இசைவடிவம் அது. ‘என்டர்ரெயின்மென்ற்!’ தட்டில் அச்சிம்மாசனம் வெறுமையாகக் கிடக்கிறது. தனியாவர்த்தனம் வரவேண்டிய இடத்தில் கில் விலகிக் கொள்கிறார். அங்கே பேஸும் டிரம்மும் மட்டும் நடக்கின்றன. அல்லது உலோகத்தை அறுப்பது போன்ற ஓரிரு ஒலிகள் விழுந்து மறைகின்றன. வால்வு ஒலிபெருக்கியின் இதமான குழைவையும் அவர் நாடவில்லை; டிரான்சிஸ்ரரின் வரண்ட ஒலியையே விரும்பினார். மெல்லிசையைப் பேஸ் சுமக்கிறது. கிற்றார் தாளத்தைச் சுமக்கிறது. மேலோர் கீழோர் என்ற பழைய ஒழுங்கு கலைந்துவிடுகிறது.

இவ்வொழுங்குக் கலைப்பை அவர்கள் எங்கே கற்றனர்? வெற்றிடத்தை டப்பிடமும், சமத்துவத்தை ஃபங்க்கிடமும், வெட்டை வில்கோவிடமும் கற்றனர் என்பதே எமது விடை. மகாபுருஷரை மறுக்கும் கருத்தை எவனும் ஒரு துண்டுப்பிரசுரத்தில் எழுதிவிடலாம். மகாபுருஷனில்லாத இசையைக் கட்டிக் காட்டுவதற்கோ, அத்தகைய இசையை ஏற்கெனவே கட்டி வாழ்ந்த மக்களிடம் பாடங் கேட்டாக வேண்டும். அக்கடன்களைக் கழித்துவிட்டால் இத்தட்டில் எஞ்சுவது நல்லெண்ணம் மட்டுமே. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று கூறுபோடுவோர் இங்கே சற்று நின்று கேட்பாராக.

இன்னொரு சான்று தருவோம். தட்டின் முதற் பாடல் ‘ஈதர்’. கறுப்பினத்தவரின் தேவாலயத்திலும் உழைப்புப் பாட்டிலும் ஒருவர் பாட, கூட்டம் விடைகூறும் மரபு உண்டு. விடைகூறுவோர் முதற்குரலை ஆமோதிப்பர், அதனைத் தாங்குவர். ‘ஈதர்’ பாடலிலும் இருகுரல் உண்டு. ஆயின் இரண்டாங்குரல் முதற்குரலை ஆமோதிக்கவில்லை. ஒன்று வசதியான வாழ்வின் அகச்சிக்கல்களைப் பேச, மற்றது வட அயர்லாந்துச் சிறையில் வதைக்கப்படும் கைதிகளை இடையிடையே நினைவூட்டுகிறது. ஆமோதிப்பின் வடிவம் அம்பலப்படுத்தலின் வடிவமாகிவிட்டது. மரபு என்பது அருங்காட்சியகப் பொருளன்று. அதைக் கையிலெடுத்து இன்றைய தேவைக்குத் திருப்பிப் பிடிப்பவனே அதன் உண்மையான வாரிசு என்பதற்கு இது உதாரணம். கணக்கப்பிள்ளைகளின் பேரேட்டில் இதைப் பதியும் பத்தி இல்லை.

இனி மிகக் கடுமையான வினா. இத்தட்டின் சிவந்த அட்டையில் மூன்று படங்கள் உள்ளன. மேற்குலகக் கதைப்படமொன்றின் காட்சியிலிருந்து எடுத்தவை. ஒரு கௌபோயும் ஒரு செவ்விந்தியனும் கைகுலுக்குகின்றனர். இவன் அவனை நண்பனென நம்பிச் சிரிக்கிறான். அவனோ இவன் ஏமாந்தான் என்று சிரிக்கிறான். இனிச் சுரண்டலாம் என்பது படங்களைச் சூழ எழுதப்பட்ட வாசகத்தின் கருத்து. இவ்வட்டையை வெளியிட்டவர்களையே நாம் கேட்போம்: கறுப்பின இசையோடு கைகுலுக்கிய வெள்ளை மாணவராகிய நீங்கள் இப்படத்தில் யார்?

இவ்வினாவிலிருந்து எவரும் தப்பமுடியாது. 1976 ஓகஸ்ற்றில் பர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளப்ரன் நின்ற கோலத்தை நினைவு கூர்வோம். கறுப்பினத்தவரின் புளூஸ் இசையைப் பயின்று பெயரெடுத்தவர். பொப் மார்லியின் பாடலொன்றைப் பாடி 1974இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தவர். குடிவந்தோர் வெளியேற வேண்டும் என்றும், இனவாத அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரிக்க வேண்டும் என்றும் அன்று மேடையில் முழங்கினார். பிற்காலத்தில் அதற்காகத் தாம் வெட்குவதாகக் கூறினார். அதனையும் பதிந்து வைப்போம். ஆயினும் அன்றைய மேடைப்பேச்சு தனிமனிதனின் வாய்தவறல் மட்டுமன்று. பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவனைத் துரத்தும் மனப்பான்மை பேரரசின் பழைய பழக்கம். தேயிலை வேண்டும், கொழுந்து பறித்தவள் வேண்டாம் என்ற அதே நியாயம். அதனை எம்மவருக்கு விளக்கவும் வேண்டுமா?

அப்பேச்சுக்கு எதிராக எழுந்ததே ‘இனவாதத்துக்கெதிரான றொக்’ இயக்கம். 1978 ஏப்பிரல் 30ஆம் நாள் லண்டன் விக்ரோறியா பூங்காவில் பெருந்திரளைக் கூட்டியது. பங்க் குழுக்களையும் றெகே குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றியது. காங் ஒஃப் ஃபோர் அவ்வியக்கத்துக்காக மேடையேறிய குழுக்களுள் ஒன்று. பாட்டைப் பெற்றவன் பாட்டுக்குரியவனின் பக்கத்தில் நிற்பது கடனடைப்பின் முதற் தவணை. கிளப்ரனையும் இவர்களையும் ‘இரவல் வாங்கியோர்’ என்ற ஒரே பெட்டியில் அடைப்பவன் கண்ணில்லாதவன்.

முதற் தவணை என்றே கூறினோம். முழுக்கடனும் தீர்ந்தது என்று கூறவில்லை. நன்றியும் தோழமையும் கூலியாகிவிடா. மேலும் இத்தட்டை வெளியிட்டது ஈ.எம்.ஐ. கொம்பனி. நாயொன்று கிராமபோனின் முன் அமர்ந்து எசமானின் குரலைக் கேட்கும் சின்னத்தோடு எமது பாட்டன்மாரின் வீடுகளுக்குத் தமிழ்ப் பாட்டையும் விற்ற அதே கொம்பனி. இராணுவ மின்னணுக் கருவிகளையும் அது உற்பத்தி செய்தது. சந்தைக்கு வெளியே தூய இடம் எதுவுமில்லை, உள்ளே நின்றே பேசுவோம் என்பது குழுவின் நியாயமாயிருந்தது. அந்நியாயத்தில் ஓரளவு உண்மையுண்டு. பாடலொன்றில் கருத்தடை உறையைக் குறித்த ஒரு சொல்லை மாற்றும்படி 1979இல் பீ.பீ.சி. தொலைக்காட்சி வற்புறுத்தியபோது நிகழ்ச்சியை உதறி வெளியேறும் நெஞ்சுரம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் சந்தையின் வயிறு பெரிது. ஓய்வும் உடலும் இன்பமும் சரக்காவதைச் சாடிய இத்தட்டின் ‘நச்சுரல்ஸ் நொட் இன் இற்’ என்ற பாடல், மைக்ரோசொஃப்ற் கொம்பனியின் விளையாட்டுக் கருவியொன்றை விற்கும் விளம்பரத்திற்கே பின்னிசையாயிற்று. களிப்பூட்டலைச் சாடிய பாட்டைக் களிப்பூட்டும் கருவி விழுங்கியது. இதைச் சொல்லாது விடுவது புராணிகரின் வேலை, எமது வேலையன்று.

எனினும் கணக்கு அத்தோடு முடியவில்லை. 2020 ஜூனில், அமெரிக்க வீதிகளெங்கும் கறுப்பினத்தவரின் உயிருக்காக மக்கள் திரண்டிருந்த வாரங்களில், றன் த ஜுவல்ஸ் என்னும் இருவர் குழு தன் நான்காவது தட்டை வெளியிட்டது. அதிலுள்ள பாடலொன்று ‘ஈதர்’ பாடலின் இசைத்துண்டை எடுத்துத் தன் முதுகெலும்பாக்கிக் கொண்டது. அவ்விருவரில் ஒருவரான கில்லர் மைக் பிறந்து வளர்ந்த ஊர் எது? அற்லாண்டா. வில்லி பெரிமன் பியானோ வாசித்த அதே நகரம். ஜோர்ஜியாவிலிருந்து புறப்பட்டுக் கன்வித் தீவு வழியாக லீட்ஸை அடைந்த ஓசை, கிங்ஸ்ரனின் பாடத்தையும் சேர்த்துக்கொண்டு, தன் பிறந்த மண்ணுக்கு ஆயுதமாகத் திரும்பியது. இப்பயணத்தில் எந்தக் கண்ணியை மேதை என்பது? எந்தக் கண்ணியைத் திருட்டு என்பது? இரண்டு சொற்களுமே இங்கு பயனற்றுப் போகின்றன.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய எமது வாசகருக்கு இதில் ஒரு கடமை உண்டு. கலை வரலாற்றை நாம் இன்றும் பெயர்ப்பட்டியலாகவே கற்பிக்கிறோம், கற்கிறோம். இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைப் படைத்தார் என்பதை மனனஞ் செய்வித்துப் புள்ளியிடுகிறோம். இனி ஒவ்வொரு பெயருக்கும் அருகே மூன்று வினாக்களை எழுதுவோம். இவருக்கு நேரத்தைத் தந்தது யார்? இவருக்குக் கையைப் பழக்கியது யார்? கூலியின்றிப் போனது யார்? இவ்வினாக்களால் நல்ல கலை சிறுமையடையாது. அதன் பெருமையில் உரியோர் அனைவருக்கும் பங்கு கிடைக்கும். சிறுமையடைவது பீடங்கள் மட்டுமே.

‘என்டர்ரெயின்மென்ற்!’ மகத்தான தட்டு. அதை நாம் தயக்கமின்றிக் கூறுவோம். மின்சாதனம் திருத்திய ஓஸ்போர்ன் றடொக்கும், பியானோ வாசித்த வில்லி பெரிமனும், டிரம் அடித்த கிளைட் ஸ்ரபிள்ஃபீல்டும், வரி செலுத்திய லீட்ஸ் தொழிலாளரும் அதன் ஆக்கத்தில் உண்டு. அவர்களின் பெயர்களையும் சேர்த்து உச்சரிக்கத் துணிவோரே அத்தட்டின் புகழைப் பாடத் தகுதியுடையோர்.